இரண்டும் ஒன்றும்

மடாலயத்தில் முழுதாய் மிஞ்சியது
கழிப்பறைச் சுவர் மட்டும்தான்.
முதலிலேயே சொல்லிவிடுவேன்,
பேருந்திலிருந்து இறங்கியவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று.
பதினான்கு துறவிகள் வரிசையாய் உட்கார்ந்த இடம்.
கீழே ஓடை. இன்னும் ஓடுகிறது,
பழைய வேலை போய்விட்டாலும்.

பலிபீடம் எங்கே என்பார்கள்.
தண்டவாளத்தைக் காட்டுவேன்.

மேற்கிலிருந்து நேர்கோடாய்க் கிழித்துக்கொண்டு வந்த
ரயில் கம்பெனிக்கு
வளைந்து போனால் நானூறு பவுண்டு அதிகம்.
வளையவில்லை.
மண்வெட்டியில் இடறிய ஈயப் பெட்டிகளை
ஒயின் கடை மாடியில் அடுக்கிவைத்ததாக
ஊர்ப் பதிவேட்டில் ஒரு வரி.
அடுத்த வரி, பன்றிச் சந்தையின் வரி பற்றி.

மதிலும் அப்படித்தான்.
வடக்கு வாசலருகே சட்டென்று நின்று
ஒரு பாலத்தின் அளவுக்கு வாய் பிளந்து
ஒன்றும் நடவாததுபோல் மறுபடி தொடரும்.
மேலே நடந்தால்
யாருடைய சமையலறையோ,
யாருடைய ஈரச் சட்டையோ,
பிறகு புகை.

சனிக்கிழமை மட்டும் நீராவி.
நாலரை மைல் போய் நாலரை மைல் திரும்பும் வண்டி.
எங்கே போகிறது என்றாள் ஒரு சிறுமி.
ஒரு தேநீர்க்கடைக்கு என்றேன்.
அவளுக்கு அது போதுமாயிருந்தது.

சிக்னல் அறையில் ஹெஸ்டர் பைபஸ்.
மற்ற நாட்களில் பல் டாக்டரின் வரவேற்பறை.
‘வாயைத் திறங்க’ அவர் வேலை,
‘காத்திருங்க’ என் வேலை என்பார்.
சனிக்கிழமை பதினாறு நெம்புகோல்கள் அவர் சொல் கேட்கும்.
வெறுங்கையால் தொடமாட்டார்;
வியர்வை எஃகைத் தின்னுமாம்,
கோடு போட்ட துணியொன்று எப்போதும் உள்ளங்கையில்.

அடுத்த சிக்னல் அறை இரண்டு மைல் தள்ளி,
கோரைக்காட்டு நடுவில்.
அங்கே ஆம்ப்ரோஸ் டீக்கின்.
இருவருக்கும் பேச்சு மணியில்தான்.
ஒரு தட்டு: கவனி.
இரண்டு: வண்டி உன் பக்கம் வருகிறது.
இரண்டும், சற்று விட்டு ஒன்றும்:
வந்து சேர்ந்தது, பாதை காலி.
ஒன்பது வருடமாய் இவ்வளவே.
கிறிஸ்துமஸ் விருந்தில் ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து
உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார்களாம்,
மிகவும் கஷ்டப்பட்டு.

துறவிகளின் மணி பற்றி
என்னிடம் ஒரு சொற்பொழிவு இருக்கிறது:
நாளுக்கு எட்டு முறை, தூக்கத்தின் நடுவிலும்.
அதை இங்கே ஒட்டவைக்கப் பார்த்தேன்.
‘அவங்களுக்குப் பதில் வந்ததா?’ என்றார் ஹெஸ்டர்,
நெம்புகோலிலிருந்து கை எடுக்காமல்.

மே மாதத்தில் ஒரு சனி.
ஏழு பேரை அறைக்குள் நிறுத்தியிருந்தேன்.
வண்டி போயிற்று. மணி வந்தது.
இரண்டு. ஒன்று.
சரியாகத்தான் இருந்தது.
ஹெஸ்டர் பேரேட்டில் நேரத்தை எழுதினார்,
இரண்டு நாற்பத்தொன்று.
துணியை நாலாய் மடித்தார்.
‘இது ஆம்ப்ரோஸ் இல்லை.’

எப்படித் தெரியும் என்றது கூட்டம்.
‘கடைசித் தட்டுக்கு முன்னால் அவர் மூச்சு எடுப்பார்.’

விதிப்புத்தகத்தில்
ஆபத்துக்கு ஒரு கணக்கு உண்டு,
கழன்று ஓடும் பெட்டிக்கு ஒன்று,
அறையைப் பூட்டுவதற்கு ஒன்று.
‘அவருக்கு என்ன ஆயிற்று’ என்பதற்கு இல்லை.
கைக்கெட்டும் தூரத்தில் தொலைபேசி இருந்தது.
அடுத்த வண்டி வரும்வரை
அவர் அதை எடுக்கவில்லை.
வந்த பின்னும்.
எடுத்தால் யாரோ ஏதோ சொல்லிவிடுவார்கள்.

மறு சனிக்கிழமை
தூறலில் புதிய கூட்டம்.
கழிப்பறைச் சிரிப்பு முடிந்திருந்தது.
சிக்னல் அறை ஜன்னல் திறந்தே கிடக்க
வண்டியின் கடைசிப் பெட்டி பலிபீடத்தைக் கடந்து
கோரைக்குள் மறைந்தது.
ஈயப் பெட்டிகளின் கதையைத் தொடங்க வேண்டிய இடம்.
தொடங்கவில்லை நான்.

வெகுநேரம் கழித்து, மேலிருந்து,
இரண்டு தட்டு.

மஞ்சள் மழைக்கோட்டு மனிதர் என் தோளைத் தொட்டு,
‘மன்னிக்கணும், இங்கே கழிப்பறை, அதாவது இப்போது உள்ளது…’
என்று ஆரம்பித்தார்.
குடையை உயர்த்தி அவரை நிறுத்தினேன்.
ஏன் என்று தெரியாமலே
எல்லோரும் நின்றார்கள்,
மூச்சைப் பிடித்தபடி.